ஏர் டிரில்லா, பிளாண்டரா: கனோலாவுக்கு எது?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணச் சமவெளியில் மே மாதம் பிறந்துவிட்டால் விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. மண்ணில் ஈரம் காய்வதற்குள் கோதுமை, பட்டாணி, மசூர், கடுகு இனத்து எண்ணெய்ப் பயிரான கனோலா என்று எல்லாவற்றையும் போட்டாக வேண்டும். இந்த அவசரத்துக்கு அந்த மண்ணிலேயே வளர்ந்த கருவி ஏர் டிரில். பெரிய தொட்டியிலிருந்து உருளை விதையை அளந்து தள்ளும், விசிறிக் காற்று அதைக் குழாய்களில் ஊதிக் கொழுக்களுக்குக் கொண்டுபோகும். பிளாண்டர் மக்காச்சோள நாட்டுச் சரக்கு. துளையிட்ட தட்டு, துளைக்கு ஒரு விதை, எண்ணி எண்ணிச் சாலில் விடும்.

கோதுமைக்கு இந்தக் கேள்வியே எழாது. ஏக்கருக்கு நூறு பவுண்டுக்கு மேல் கொட்டுகிற விதையை எண்ணி யாருக்கு என்ன லாபம்? இடைவெளி விழுந்தாலும் அது தூர்விட்டு நிரப்பிக்கொள்ளும். மக்காச்சோளம் நேர்மாறு, பிளாண்டர் இல்லாமல் ஆகாது. சோயா இரண்டிலும் வரும்.

சண்டையெல்லாம் கனோலாவுக்குத்தான். கலப்பின விதை, விலை கையைக் கடிக்கும். ஆயிரம் விதை சேர்ந்தால் ஐந்து கிராம் இருக்கும் என்று வையுங்கள். ஏக்கருக்கு 5 பவுண்டு போட்டால் சதுர அடிக்குச் சுமார் 10 விதை. அதில் செடியாவது பாதி, மிஞ்சிப்போனால் அறுபது சதவீதம். சதுர அடிக்கு 5 முதல் 8 செடி நிற்க வேண்டும் என்பது கனடாவின் கனோலா கவுன்சில் சொல்லும் கணக்கு. ஆக, காசு கொடுத்து வாங்கியதில் பாதி மண்ணுக்குள்ளேயே போகிறது. பிளாண்டர் விற்பவர் பேச்சைத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அவர் பேச்சில் பாதி சரி. ஒவ்வொரு விதையும் சீரான இடைவெளியில் விழும் என்பார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அங்குல வரிசையில் ஓடும் ஏர் டிரில், அந்த 5 பவுண்டுக்கு, வரிசையில் அடிக்கு எட்டு ஒன்பது விதை போடும். பிளாண்டர் வரிசைகள் 20 அங்குலம். விதையைக் குறைத்துச் சதுர அடிக்கு ஆறு என்று வைத்தாலும், ஒரே வரிசையில் அடிக்குப் பத்து விழும். நெருக்கம் எங்கே குறைந்தது? போதாததற்கு அகன்ற வரிசையில் இலைக் கூரை மூடத் தாமதமாகும், அதுவரை களைக்குக் கொண்டாட்டம்.

பிளாண்டர் உண்மையில் ஜெயிப்பது ஆழத்தில். விதைத்த சாலில் முழந்தாளிட்டு, பேனாக்கத்தியால் மண்ணைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். கனோலா அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குள் கிடக்க வேண்டும். பழைய டிரில்லில் மேடு பள்ளம் வந்தால் ஒரு கொழு இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும், பக்கத்துக் கொழுவின் விதை அரிதாள் மேலேயே கிடக்கும். பிளாண்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் தனிச் சக்கரம் ஆழத்தைப் பிடித்து நிற்கும். ஆனால் சீட் ஹாக், சீட்மாஸ்டர் மாதிரியான டிரில்களிலும் ஒவ்வொரு கொழுவும் தன் சக்கரத்தோடு தனித்தனியாக ஏறி இறங்குகிறதே! அப்படி ஒன்று கொட்டகையில் இருந்தால் பிளாண்டரின் வாதம் பாதி கரைந்துவிடும்.

அப்புறம் உரம். விதைக்குப் பக்கத்தில், ஆனால் தொடாமல், தழைச்சத்தையும் ஒரே ஓட்டத்தில் வைத்துவிடும் ஏர் டிரில். விதையோடு சேர்த்து அதிகம் போட்டால் கனோலா முளை கருகிப்போகும். பிளாண்டரில் அவ்வளவு உரத்தை வைப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் தனியாக ஒரு ஓட்டம் வேண்டும். டீசல் போகட்டும், மண் ஒருமுறை கூடுதலாகக் கிளறப்பட்டு ஈரம் பறிபோவதுதான் வலி. சஸ்காட்செவனின் தென்மேற்கில், ஸ்விஃப்ட் கரண்ட் ஊர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் இதற்காகவே நான் பிளாண்டரை ஒதுக்கிவிடுவேன். பக்கத்து மாகாணமான மனிடோபாவின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கு வேறு கதை. அங்கே மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் வாங்கிய பிளாண்டர் ஏற்கெனவே நிற்கிறது. கனோலாத் தட்டை மாட்டி ஓட்டுவதில் தப்பில்லை.

காற்றுக்கும் ஒரு குறை உண்டு. விசிறியை வேகமாக வைத்தால் பட்டாணியும் மசூரும் குழாயிலேயே அடிபட்டுப் பிளக்கும். இந்த மசூர்தான் யாழ்ப்பாணத்துச் சமையலறையில் மைசூர்ப் பருப்பு, அது கனடாவிலிருந்தும் போகிறது; உடைந்த பருப்பு கறிக்கு ஆகும், விதைக்கு ஆகாது.

ஒரே கருவியில் நாலு பயிரும் போட வேண்டியவருக்கு என் ஓட்டு தனிக்கொழு ஏர் டிரில்லுக்குத்தான். பழைய டிரில் வைத்திருப்பவர் பிளாண்டருக்குக் கையெழுத்துப் போடும் முன், ஒரு துண்டு நிலத்தில் மட்டும், ஆழம் சீராகிறதா என்று பார்க்க, டிராக்டர் வேகத்தை மணிக்கு ஒரு மைல் குறைத்து விதைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துப் போய்ச் செடிகளை எண்ணிப் பார்க்கலாம்.