ஜிம்மா, அடிமுறைக் களமா?

எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றி மூன்று கட்சி. பாட்டிக்குப் பூசினாற்போல இருந்தால்தான் ஆரோக்கியம். "மக்ளே, எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று இன்னொரு அகப்பை சோறு வைப்பாள். தங்கைக்கு இடுப்பு சுருங்க வேண்டும், தம்பிக்குப் புஜம் புடைக்க வேண்டும். ஜிம்மிலா, குமரிப் பக்கத்துப் பழைய தற்காப்புக் கலையான அடிமுறை சொல்லித்தரும் களத்திலா, நாகர்கோவிலில் எங்கே சேரலாம் என்று இருவரும் கேட்டார்கள்.

செலவு: ஜிம்முக்கு மாதக் கட்டணம், அப்புறம் புரோட்டீன் பவுடர் என்று வால் நீளும். களத்தில் ஆசானுக்குத் தட்சணை, கையில் ஒரு கம்பு.

வசதி: ஜிம்முக்கு மழைக் கவலை இல்லை. குமரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. திறந்த களம் என்றால் சேறுதான்.

பலன்: ஜிம்மில் தசை சீக்கிரம் கண்ணில் படும், விட்டால் இறங்கும். உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்மக்கலையோடு ஒட்டி வளர்ந்த அடிமுறையில் கண்ணாடிக்குக் காட்ட அதிகம் இருக்காது. ஆனால் சுவடு, அதாவது முறைப்படி அடியெடுத்து வைப்பது, பழகிய கால் தடுமாறாது.

அந்தக் கண்ணாடிதான் எனக்குப் பிரச்சினை. ஜிம் சுவர் முழுக்க அதுதான். ஒரு வாரம் போய்ப் பார்த்த தங்கை, இல்லாத தொப்பையைத் தேடிக்கொண்டே திரும்பினாள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால்தான் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அவளுக்கு 71.

ஆக, அவளுக்குக் களம். எடை தூக்கத் துடிக்கும் தம்பிக்கு ஜிம் சரி, பவுடர் இல்லாமல். நெத்திலியும் முட்டையும் வீட்டிலேயே இருக்கிறது.