ஹோண்டா ஜிஎக்ஸ்35 பிரஷ் கட்டர்: பராமரிப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

35.8 சிசி திறன் கொண்ட ஜிஎக்ஸ்35 எஞ்சின் பொருத்திய ஹோண்டா பிரஷ் கட்டரை (புல்லும் புதரும் வெட்டும் கருவி), வாங்கியவர் தம் கையாலேயே எந்த அளவுக்குப் பேணிக்கொள்ள முடியும் என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். அந்த வகையில் இது எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. கலவையில் ஆயில் குறைந்து பிஸ்டன் சீஸ் ஆகிவிடுமோ (சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிவிடுமோ) என்ற அச்சமும் இல்லை.

அதற்கு ஈடாக, ஆயில் மாற்றும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது. இந்த எஞ்சினுக்குள் இருப்பது 100 மில்லி ஆயில்தான். வெப்பம், உராய்வு, கரி எல்லாவற்றையும் அந்தச் சிறிதளவு ஆயிலே தாங்க வேண்டியிருப்பதால், அது விரைவில் கறுத்துவிடுகிறது. முதல் மாதத்திலோ முதல் 10 மணி நேர ஓட்டத்திலோ ஒரு முறையும், அதன்பின் ஆறு மாதம் அல்லது 50 மணி நேரம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போதும் ஆயிலை வடித்துவிட்டு 10டபிள்யூ-30 தர எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட வேண்டும். ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இயந்திரத்தில் இல்லாததால், ஒரு நோட்டில் குறித்து வருவதைத் தவிர வேறு வழியில்லை. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

ஆயிலை மாற்றுவது எளிது. எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது, பெட்ரோல் டேங்க் மூடி இறுகியிருப்பதை உறுதி செய்துகொண்டு, ஆயில் மூடியைக் கழற்றி அந்த வாய்ப் பக்கமாகச் சாய்த்தால் பழைய ஆயில் முழுவதும் வடிந்துவிடும். பிறகு எஞ்சினைச் சமமாக வைத்து, வாயின் விளிம்புவரை புதிய ஆயிலை மெல்ல ஊற்ற வேண்டும்.

ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். காய்ந்த புல்லும் புழுதியும் மிகுந்த இடத்தில் அதற்கும் முன்பே பார்ப்பது நல்லது. ஃபில்டரில் உள்ள நுரைப்பஞ்சை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சுத்தமான எஞ்சின் ஆயிலில் தோய்த்து, சொட்டுவது நிற்கும்வரை உள்ளங்கையில் வைத்துப் பிழிய வேண்டும். முறுக்கினால் பஞ்சு கிழியும். ஆயில் மிகுந்து நின்றால் ஸ்டார்ட் செய்தவுடன் புகை வரும்.

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளுக்கிடையே புல் அடைத்திருந்தால் பிரஷ் கொண்டு நீக்கிவிடலாம். பலர் கவனிக்காமல் விடும் இடம் பிளேடுக்கு மேலுள்ள கியர் பெட்டி. அதன் அடியில் கொடியும் நாரும் இறுகச் சுற்றிக்கொண்டு கிரீஸைத் தடுத்து நிறுத்தும் சீலைக் கெடுத்துவிட்டால், உள்ளிருக்கும் கிரீஸ் கசிந்து பற்சக்கரங்கள் தேயும். ஆகவே எஞ்சினை அணைத்து, பிளக் மூடியைக் கழற்றிவிட்டு அந்த நாரை அன்றாடம் எடுத்துவிட வேண்டும்.

வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலையை மட்டும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடப் பரிந்துரைக்கிறேன். வேலையில்லாத மாதங்களில் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைத்தால், பழைய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட்டை அடைக்காது.