கொழும்பிலிருந்தே வெளிநாட்டுப் பட்டமா, அங்கே சென்று படிப்பதா? நிரந்தர வதிவிடக் கணக்கில் எது எவ்வளவு பெறும்

கொழும்பில் உயர்தரம் முடித்த ஒரு மாணவருக்கு வெளிநாட்டுப் பட்டம் பெற இன்று நான்கு வழிகள் காட்டப்படுகின்றன. வீட்டிலிருந்தே முழுவதும் இணையவழியில் படிப்பது ஒன்று. இங்கே இயங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலோ, அதனுடன் இணைந்த தனியார் நிறுவனத்திலோ சேர்வது இரண்டாவது. ஓரிரு ஆண்டுகளை இங்கே படித்துவிட்டு மீதியை அங்கே முடிப்பது மூன்றாவது. முகவர் நிலையங்களின் துண்டுப் பிரசுரங்களில் இதுதான் 1+2, 2+1 என்று அச்சாகிறது. முதல் நாளிலிருந்தே அங்கே சென்று படிப்பது நான்காவது. கடைசியில் கைக்கு வரும் சான்றிதழ் நான்கு வழிகளிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது என்பதால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் போடும் கணக்கு கட்டணக் கணக்காகவே முடிந்துவிடுகிறது. பிள்ளை அங்கேயே தங்கி பிஆர், அதாவது நிரந்தர வதிவிடம், எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அதே வீட்டில் இருந்தால் அந்தக் கணக்குப் பிழைத்துப்போகும். ஏனென்றால் குடிவரவு விதிகள் பட்டத்துக்கு ஒரு விலையும், அந்தப் பட்டத்தைப் படித்த காலத்தில் மாணவர் எந்த நாட்டில் இருந்தார் என்பதற்கு வேறொரு விலையும் வைத்திருக்கின்றன.

இந்த வேறுபாடு சில ஆண்டுகள் மறைந்திருந்தது. கோவிட் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டபோது, தாய்நாட்டிலிருந்து இணையவழியில் படித்த காலத்தையும் அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா ஆகிய மூன்றும் தத்தம் நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டன. 2022இல் டொலர் விலை ஏறி, ஒரு கட்டத்தில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோதும், இங்கிருந்து படித்த சிலருக்கு அந்தக் காலம் வீணாகவில்லை. அந்தச் சலுகைகள் இப்போது முடிந்துவிட்டன. அண்ணனுக்குச் சரிவந்தது தம்பிக்கும் சரிவரும் என்று நம்பி இணையவழிப் பாடநெறிக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவுஸ்திரேலியா: 92 வாரங்கள்

அவுஸ்திரேலியாவில் எல்லாமே "அவுஸ்திரேலியக் கற்கைத் தேவைப்பாடு" என்ற ஒரே நிபந்தனையைச் சுற்றித்தான் இயங்குகின்றது. வெளிநாட்டு மாணவருக்கான பாடநெறிகளின் அரச பதிவேடான கிரிகோஸில் உள்ள பாடநெறி ஒன்றையோ பலவற்றையோ, மொத்தம் குறைந்தது 92 வாரப் பதிவுக் காலத்துக்கு, 16 மாதங்களுக்குக் குறையாமல், ஆங்கில வழியில், படிக்க அனுமதிக்கும் வீசாவுடன் அவுஸ்திரேலிய மண்ணில் இருந்து முடித்திருக்க வேண்டும். இதை நிறைவேற்றியவருக்குப் புள்ளி அடிப்படையிலான 189, 190, 491 என்ற இலக்கமுள்ள திறன்சார் குடிவரவு வீசாக்களில் 5 புள்ளிகள் கிடைக்கும். அதைவிடப் பெரிய பயன், படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்வதற்கான 485 வீசாவுக்கு இதுவே நுழைவாயில் என்பதுதான்.

முழு இணையவழிப் பட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், பலர் நினைப்பதுபோல் அது வெறும் பூச்சியம் அல்ல. இளமாணிப் பட்டத்துக்கு உரிய 15 புள்ளிகள், தகுதி ஏற்றுக்கொள்ளப்படும் பட்சத்தில், எந்த நாட்டிலிருந்து படித்தாலும் கிடைக்கும். 25 முதல் 32 வயது வரையுள்ளவருக்கு 30 புள்ளிகள், மிக உயர்ந்த ஆங்கிலத் தேர்ச்சிக்கு 20 புள்ளிகள் என்று சேர்த்தால், கொழும்பை விட்டு நகராதவரும் அடிப்படை எல்லையான 65ஐத் தொட முடியும். பட்டத்தின் பின் தன் துறையிலேயே இங்கே மூன்று ஆண்டுகள் திறன்சார் வேலை செய்தவருக்கு அந்த அனுபவத்துக்கு 5 புள்ளிகள் உண்டு. அங்கே போய் இரண்டு ஆண்டுகள் படித்தவருக்குக் கிடைப்பதும் அதே 5தான். ஆனால் 65 என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. வீசாவுக்கு விண்ணப்பிக்கும்படியான அழைப்பு, வரிசையில் மேலே நிற்பவருக்குத்தான் போகும். மேலே ஏற உதவுபவை அவுஸ்திரேலிய வேலை அனுபவமும், ஒரு மாநில அரசு விண்ணப்பதாரரைப் பரிந்துரைக்கும் மாநில நியமனமும் ஆகும். அவற்றைத் தேடிக்கொள்ள அவகாசம் தருவது 485 வீசா. ஆகவே இணையவழி மாணவர் இழப்பது 5 புள்ளிகளை மட்டுமல்ல, அங்கே தங்கியிருக்கக் கூடிய இரண்டு ஆண்டுகளையும்தான்.

கொழும்பு வளாகத்தில் படிப்பவரின் நிலையும் இதில் வேறல்ல. எடித் கோவன் பல்கலைக்கழகம் 2023இல் கொழும்பில் வளாகம் திறந்தபோது அவுஸ்திரேலியப் பட்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். கல்வி என்ற அளவில் அது நியாயமான மகிழ்ச்சி. விரிவுரையாளரை நேரில் காண்பதும் ஆய்வுகூடம் இருப்பதும் இணையவழியை விட நிச்சயம் மேல். குடிவரவுக் கணக்கில் மட்டும், கொழும்பு விரிவுரை மண்டபத்தில் கழித்த மூன்று ஆண்டுகளும் பம்பலப்பிட்டி வீட்டின் மேசையில் கழித்த மூன்று ஆண்டுகளும் 92 வாரங்களுக்கு எதையும் சேர்ப்பதில்லை.

எனக்கு அதிக வருத்தம் தருவது மூன்றாவது வழி விற்கப்படும் விதம். 1+2 திட்டத்தில் சேர்ந்தவருக்கு அங்கே படிக்க ஏறத்தாழ 104 வாரங்கள் மீதியிருக்கும், 92 தாண்டிவிடும். 2+1 திட்டத்தில் மீதியிருப்பது ஏறத்தாழ 52 வாரங்கள், அது போதாது. கட்டண அட்டவணையில் 2+1 பல மில்லியன் ரூபாய் மலிவாகத் தெரியும், ஆனால் அந்த மலிவு 485 வீசாவை விற்றுப் பெற்ற மலிவு. இதே பொறி முதுமாணியிலும் உண்டு. இரண்டு ஆண்டு முதுமாணிக்குச் சேரும்போது, இங்கே முடித்த பட்டத்தைக் காட்டி அரை ஆண்டுக்குப் பாட விலக்களிப்பு வாங்கித் தருவதாக முகவர் சொல்வார். ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சமாகும் என்பதால் பெற்றோர் நன்றி சொல்லிக் கையொப்பமிடுவார்கள். விலக்களிக்கப்பட்ட பாடங்கள் கணக்கில் சேராதபடியால் 104 வாரம் 78 ஆகச் சுருங்கிவிடும். விலக்களிப்பை மறுத்து அந்தக் கட்டணத்தைக் கட்டுவதுதான் பிஆர் நோக்கமுள்ளவருக்கு இலாபம். இதை வாய்விட்டுச் சொல்லும் முகவர்கள் குறைவு.

அங்கேயே போய்ச் சேர்ந்த பின்னரும் இணையவழி முற்றாக விலகிவிடுவதில்லை. மாணவர் வீசாவில் உள்ளவர் தம் பாடநெறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையவழியில் படிக்கக் கல்வி நிறுவனங்கள் இடமளிக்க முடியாது. ஒவ்வொரு கட்டாயக் கற்கைப் பருவத்திலும் குறைந்தது ஒரு பாடமாவது நேரில் இருக்க வேண்டும், கடைசிப் பாடத்தை மட்டும் முடிக்க வேண்டியவருக்கு இதில் விலக்கு உண்டு. இந்த எல்லைக்குள், அங்கே இருந்துகொண்டு எடுக்கும் இணையவழிப் பாடம் பெரிய தீங்கில்லை. பெருநகரங்களுக்கு வெளியேயான பிராந்தியப் பகுதியில் படித்ததற்கான மேலதிக 5 புள்ளிகளை எதிர்பார்ப்பவருக்கு விதி கடுமையானது: அங்கேயே வசித்து அந்த வளாகத்திலேயே படித்திருக்க வேண்டும், படிப்பின் எந்தப் பகுதியும் தொலைக்கல்வியாக இருக்கக் கூடாது.

ஆபத்து, கடைசி செமஸ்டரில் ஊருக்குத் திரும்பி வந்து இங்கிருந்தே பாடங்களை முடிக்கும்போதுதான் வருகிறது. அக்காவின் திருமணம், அம்மாவின் சத்திரசிகிச்சை, சிட்னி வாடகை என்று காரணங்கள் எல்லாம் உண்மையானவையாகவே இருக்கும். பல்கலைக்கழகமும் அனுமதிக்கலாம், பட்டமும் குறையின்றி வரும். ஆயினும் விண்ணப்பத்தோடு இணைக்கும் பல்கலைக்கழகக் கடிதத்தில் பாடநெறி தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வளாகத்தின் இடம், முழுநேரமா பகுதிநேரமா என்பன எழுதப்பட்டிருக்கும். கடவுச்சீட்டில் அவுஸ்திரேலிய முத்திரை இல்லாவிட்டாலும் அந்த நாட்டின் கணினியில் ஒவ்வொரு போக்குவரத்தும் பதிவாகியிருக்கும். கட்டுநாயக்க முத்திரை போதாக்குறைக்கு அதை உறுதிப்படுத்தும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அதிகாரிக்கு அதிக நேரம் ஆகாது.

கனடா: பாதியும் எட்டு மாதமும்

கனடாவில் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் உள்ளன, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் அதிகம். முதலாவது, பட்டம் முடித்தபின் வழங்கப்படும் வேலை அனுமதி. இதற்குப் பாடநெறி குறைந்தது எட்டு மாத நீளமுடையதாகவும், தகுதியுள்ள நிறுவனத்தினுடையதாகவும் இருப்பதோடு, அதில் பாதியேனும் கனடாவில் வகுப்பறையில் நேரில் படிக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 31க்குப் பின் கனடாவுக்கு வெளியிலிருந்து இணையவழியில் படித்த காலம், எப்போது சேர்ந்தவராக இருந்தாலும், வேலை அனுமதியின் நீளத்திலிருந்து கழிக்கப்படும். அவுஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் இது நெகிழ்வானது: இரண்டு ஆண்டு டிப்ளோமாவில் ஒரு செமஸ்டரை இங்கிருந்து படித்தவர் தகுதியை இழப்பதில்லை, காலத்தைத்தான் இழக்கிறார். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த முதுமாணிக்கும் 2024 பெப்ரவரி 15 முதல் மூன்று ஆண்டு வேலை அனுமதி கிடைக்க வழி ஏற்பட்டதால், ஓராண்டு முதுமாணி விரும்புவோருக்கு இன்று கனடாதான் அவுஸ்திரேலியாவை விட வாய்ப்பானது.

இரண்டாவது அளவுகோல், திறன்சார் விண்ணப்பதாரரைப் புள்ளிப்படி நிரந்தர வதிவிடத்துக்குத் தெரிவுசெய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசை. கல்வித் தரத்துக்கான அடிப்படைப் புள்ளிகள் வேறு, கனடாவில் படித்ததற்கான மேலதிகப் புள்ளிகள் வேறு. பின்னது ஓராண்டு அல்லது ஈராண்டுச் சான்றிதழுக்கு 15, மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சான்றிதழுக்கும் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கும் 30. இவற்றைப் பெற, குறைந்தது எட்டு மாதம் முழுநேர மாணவராகப் பதிந்திருப்பதோடு எட்டு மாதமாவது உடலளவில் கனடாவுக்குள் இருந்திருக்கவும் வேண்டும். ஓர் உதாரணம்: எட்டு மாத முதுமாணி ஒன்றில் சேர்ந்தவர், கற்கை அனுமதி தாமதமானதால் முதல் நான்கு மாதத்தைத் தெஹிவளையிலிருந்து இணையவழியில் படித்து, அடுத்த நான்கு மாதத்தை டொரொன்டோவில் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரில் படித்துவிட்டதால் முதல் அளவுகோலை அவர் விளிம்பில் நின்று தொடுகிறார். படிப்புக் காலத்தில் கனடாவில் இருந்தது நான்கே மாதம் என்பதால் இரண்டாவதில் 30 புள்ளிகள் கைநழுவுகின்றன. இத்தகையவர் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான மேலதிகப் புள்ளிகள் நீக்கப்பட்டதால், இந்த 15க்கும் 30க்கும் மதிப்புக் கூடியிருக்கிறது. இங்கே ஒரு புறக்குறிப்பு: பிரெஞ்சு மொழியின் நான்கு திறன்களிலும் கனடிய மொழி அளவுகோலின் ஏழாம் நிலையை எட்டி, ஆங்கிலமும் ஓரளவு நன்றாக உள்ளவருக்கு மேலதிகமாக 50 புள்ளிகள் கிடைக்கும். கொழும்பிலிருந்தபடியே கனடியப் பட்டத்தை இணையவழியில் படிக்க எண்ணுபவர், அதே மாலை நேரங்களை அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்பில் செலவிட்டால் தரவரிசையில் அதிகம் ஏறக்கூடும். ஏற்கெனவே ஒரு பட்டமும் வேலை அனுபவமும் உள்ளவருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்.

பிரித்தானியா

பிரித்தானியாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் அவுஸ்திரேலியாவுக்கு நேர் எதிராக ஒரு விடயம் உண்டு. பன்னிரண்டு மாதமோ அதற்குக் குறைவோ நீளமான பாடநெறி என்றால் முழுவதையும் அங்கே இருந்து படித்திருக்க வேண்டும். அதைவிட நீண்டதென்றால் குறைந்தது பன்னிரண்டு மாதம் அங்கே இருந்திருக்க வேண்டும். இதை நிறைவேற்றினால், படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்வதற்கான கிராஜுவேட் வீசா கிடைக்கும். ஆகவே கொழும்பில் இரண்டு ஆண்டுகளை முடித்து இறுதி ஆண்டை மட்டும் அங்கே படிக்கும் டொப்-அப் திட்டம், அவுஸ்திரேலியாவில் தோற்கும் அதே 2+1, பிரித்தானியாவில் வென்றுவிடுகிறது. ஆனால் வென்றது எதை என்று பார்க்க வேண்டும். கிராஜுவேட் வீசா பெரும்பாலானோருக்கு இரண்டு ஆண்டுகள்தான். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் தவிர, 18 மாதங்களாகக் குறைகிறது. அந்தக் காலமும் மாணவர் காலமும் திறன்சார் தொழிலாளர் வழியில் நிரந்தர வதிவிடத்துக்கான ஆண்டுகளில் சேர்வதில்லை. பத்தாண்டு நீண்டகால வதிவிட வழியில் மட்டுமே எண்ணப்படுகின்றன. வேலை வழங்குநர் ஒருவர் ஸ்பொன்சர் செய்யாவிட்டால் அங்கே படித்தது பிஆருக்கு நேரடியாக எதையும் தருவதில்லை. திறன்சார் தொழிலாளர் வழியின் ஐந்து ஆண்டுகளையும் பொதுவாகப் பத்தாக்கும் யோசனை பிரித்தானிய அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வந்தது.

எனவே என் வரிசை இது. படிப்பின் பின் தங்குவதே நோக்கமென்றால், இரண்டு ஆண்டு செலவைத் தாங்கக்கூடிய குடும்பத்துக்கு அவுஸ்திரேலிய 1+2 அல்லது விலக்களிப்பில்லாத இரண்டாண்டு முதுமாணி. ஓராண்டுக்கு மேல் தாங்காதென்றால் முதல் நாளிலிருந்தே நேரில் படிக்கும் கனடிய முதுமாணி. இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடுபவருக்கு இணையவழி போதும், பிஆர் என்ற சொல்லை அதோடு ஒட்டிப் பார்க்காதவரை. கொழும்பு வளாகம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அங்கே இளமாணியை முடித்துவிட்டு முழு நீள முதுமாணிக்கு வெளியே போவது, முதலிலேயே வெளியே போவதை விடச் சிக்கனமான வழியாகச் சிலருக்கு அமையும்.

ஏற்கெனவே அவுஸ்திரேலிய 2+1இல் பணம் கட்டிவிட்டவர்களுக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. 92 வாரத்தை ஒரே பாடநெறியில் நிறைவு செய்ய வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அங்கே இறுதி ஆண்டை முடித்தபின் பட்டப்பின் டிப்ளோமா போன்ற கிரிகோஸ் பதிவுள்ள இன்னொரு பாடநெறியை அங்கேயே படித்து, இரண்டின் வாரங்களையும் கூட்டிக் காட்டலாம். ஆங்கில மொழிப் பாடநெறிகள் மட்டும் இதில் சேரா. இரண்டாவது கற்கைக்கு வீசா நீடிக்க வேண்டியிருந்தால், 2025 ஜூலை முதல் 2,000 அவுஸ்திரேலிய டொலராக உயர்ந்த மாணவர் வீசாக் கட்டணத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். 485 வீசாவுக்கு, தேவைப்பாடு நிறைவடைந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் பெரும்பாலானோருக்கு வயதெல்லை 35 என்பதால், முப்பதைக் கடந்த பின் 2+1இல் சேர்பவர் இந்த மேலதிக ஆண்டுக்கு இடமிருக்கிறதா என்பதைக் கையொப்பமிடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.