ஸ்டெஃபான் ஹைம்: எந்த நாவலை முதலில் எடுப்பது?

கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்துகொண்டே அதன் ஆட்சியை எதிர்த்து எழுதியவர் ஹைம் (1913–2001). அவரிடம் நுழைய இரண்டு வாசல்கள்.

‘தாவீது ராஜா அறிக்கை’ (1972): பைபிளில் வரும் தாவீது ராஜாவின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுத ஏத்தான் என்பவரை அவர் மகன் சாலொமோன் நியமிக்கிறான். சாட்சிகளை விசாரிக்க விசாரிக்க, கொலைகளும் துரோகமும் வெளிவருகின்றன. பைபிள் வேடத்தில் ஸ்டாலினியத் தணிக்கையைப் பற்றிய கதை இது. மேற்கில் முதலில் வந்து, மறு ஆண்டே கிழக்கிலும் அச்சானது. மூலக்கதை தெரியாவிட்டால் பாதி குத்தல்கள் நழுவிவிடும். அதனால் பைபிளில் 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்திலிருந்து 1 இராஜாக்கள் 2 வரை முதலில் படித்துவிடுங்கள். அந்த உழைப்பு வீண்போகாது.

‘ஜூனில் ஐந்து நாட்கள்’ (1974) வேடமே போடவில்லை. கிழக்கு ஜெர்மன் அரசு உற்பத்தி இலக்கை 10% உயர்த்தியதால் 1953 ஜூன் 17இல் வெடித்த தொழிலாளர் எழுச்சியை, விட்டே என்ற தொழிற்சங்கக்காரர் வழியாக நாள், நேரம் குறித்துச் சொல்கிறது. ஆளும் கட்சியையும் மேற்கின் தூண்டுதலையும் சேர்த்தே குறைசொல்லும் நாவல். கிழக்கில் 1989 வரை வெளிவரவில்லை. இடையிடையே வரும் ஆவணங்கள் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அவற்றைப் படிக்காமல் தாண்டினால் எழுச்சி ஏன் வந்தது என்பதே புரியாது.

கலையாக முதலாவதே உயர்ந்தது, தயங்காமல் அதில் தொடங்கலாம். 1953ஐத் தெரிந்துகொள்வதே நோக்கமென்றால் மட்டும் இரண்டாவது.