பப்பி ரேட்னு சொல்லி கூப்பிடுவாங்க, பில்லு பெரிய நாய்க்கு வரும்! பெரிய பிரீட் குட்டி வச்சிருக்கவங்க கவனம்

கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்ட், செயின்ட் பெர்னார்ட்னு பெரிசா வளர்ற பிரீட் குட்டி வீட்ல இருந்தா, க்ரூமிங்குக்கு கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. கடை பேரு போடல. ஏன்னா இப்படி பில் போடுற பழக்கம் ஒரு கடையோட நிக்கிற விஷயம் இல்ல, விசாரிச்சப்போ நிறைய பேரு இதையேதான் சொன்னாங்க.

எங்களோடது கோல்டன் ரெட்ரீவர், 5 மாசக் குட்டி. பிரீட் என்ன, வயசு என்ன, எத்தனை கிலோ இருக்கான், தடுப்பூசி எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு போன்லயே ஒண்ணு விடாம சொல்லித்தான் ரேட் கேட்டேன். "பப்பி பேக்கேஜ் இருக்கு சார், குளியல், ட்ரையிங், பிரஷ், நகம், காது, பாதத்து முடி ட்ரிம், எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும்"னு ஒரு தொகை சொன்னாங்க. வேற ஏதாவது சேருமான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டாங்க. காலையில விட்டுட்டு வந்தோம், சாயங்காலம் கூப்பிடப் போனா கையில ஒரு பில்லு, சொன்ன தொகையை விட ரெண்டு மடங்குக்கு மேல. பப்பி பேக்கேஜ் தனி வரி, அதுக்குக் கீழ பெரிய பிரீட் சார்ஜ், அண்டர்கோட், அதாவது உள்முடி, எடுத்ததுக்கு சார்ஜ், சிக்கு எடுத்ததுக்கு சார்ஜ், கடைசியா ஹேண்ட்லிங் சார்ஜ். ஒண்ணுக்குக்கூட எங்களுக்கு ஒரு போன் வரல.

பெரிய பிரீட் சார்ஜை முதல்ல எடுத்துக்கறேன், இதுல ஒரு நியாயமும் இருக்கு. நாய் பெரிசா இருந்தா தண்ணி கூட வேணும், ஷாம்பு கூட வேணும், எல்லாத்துக்கும் மேல காயவைக்கத்தான் நேரம் இழுக்கும், டேபிள்ல தூக்கி வைக்கவே ரெண்டு பேர் வேணும், அதனால உருவத்தைப் பார்த்து ரேட் வைக்கிறது தப்பே இல்ல. ஆனா கோல்டன் ஆண் நாய் முழுசா வளர்ந்தா 29லிருந்து 34 கிலோ வரும், எங்க குட்டி இப்ப அதுல பாதிதான் இருக்கான். நாளைக்கு அவன் எவ்வளவு பெரிசா ஆவான்னு கணக்கு போட்டு இன்னைக்கு காசு வாங்குறது என்ன நியாயம்? கேட்டா "பிரீட் லார்ஜ் கேட்டகிரி சார், சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்"ங்கிறாங்க. அப்ப போன்ல பிரீட் பேரை சொன்னப்பவே சிஸ்டம் எடுத்திருக்கணும்ல?

இன்னொன்னு, பெரிய பிரீட் குட்டிங்க வளர்ற வேகத்துல போன தடவை இருந்த எடை அடுத்த தடவை இருக்காது. அதனால பப்பி ரேட் எத்தனை மாசம் வரைக்கும், எத்தனை கிலோ வரைக்கும், ரெண்டுல எது முதல்ல தாண்டினாலும் ரேட் மாறுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. போர்டுல விலைக்குப் பக்கத்துல "முதல்"னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க பாருங்க, அது ஆரம்ப விலை. அங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு கேட்டு பதில் வராத கடையில குட்டியை விடாதீங்க.

அடுத்து அண்டர்கோட் சார்ஜ், எனக்கு ரொம்ப கோவம் வந்தது இதுக்குத்தான். கோல்டனுக்கு ரெட்டை அடுக்கு முடி, மேல நீளமா தண்ணி ஒட்டாத முடி, உள்ள பஞ்சு மாதிரி அண்டர்கோட். வளர்ந்த நாய்க்கு சீசன்ல இந்த உள்முடி கொத்துக் கொத்தா கொட்டும், அதை ரேக்னு சொல்ற அகலப் பல்லு சீப்பு போட்டு, வேகமா காத்து அடிக்கிற ஃபோர்ஸ் ட்ரையர் போட்டு எடுக்கிறது உண்மையிலயே பெரிய வேலை, அதுக்குத் தனியா காசு கேட்டா மறுபேச்சு இல்லாம கொடுக்கலாம். ஆனா 5 மாசக் குட்டி உடம்புல பெரும்பாலும் இருக்கிறது மெத்துனு குட்டி முடிதான். பெரிய முடி அப்பதான் முதுகுத்தண்டு ஓரமாவும் வால்லயும் கோடு போட்ட மாதிரி வர ஆரம்பிக்கும், நம்ம கையை வச்சுத் தடவினாலே அந்த இடம் மட்டும் கொஞ்சம் முரடா தெரியும். முழுசா மாற ஒரு வயசு தாண்டியும்கூட ஆகும். கொட்டுறதுக்கே இன்னும் வராத முடியை எடுத்ததா ஒரு வரி போட்டு காசு வாங்குறாங்கன்னா, வாங்குற ஆளுக்குத் தெரியாதுங்கிற தைரியம்தானே?

சிக்கு விஷயம் இதை விட மோசம். காது பின்னாடி, முன்னங்கால் அக்குள், பின்னங்கால் தொடைப் பக்கம், காலர் உரசுற கழுத்து, பெல்ட் போடுற நெஞ்சு, இங்கல்லாம்தான் சிக்கு விழும், குட்டி முடி மாறுற மாசங்கள்ல இன்னும் அதிகமா விழும். நான் தினமும் சீப்பு போடுறவன். அன்னைக்குக் காலையில கூட ஸ்டீல் சீப்பு தோல் வரைக்கும் இறங்கி எங்கயும் மாட்டாம வந்ததைப் பார்த்துட்டுத்தான் கொண்டு போய் விட்டேன். சாயங்காலம் இடது காது பின்னாடி ஒரு இடத்துல முடியே இல்ல, மெஷின் போட்டு வழிச்சிருக்காங்க, தோல் செவந்து சின்னச் சின்னப் புள்ளியா இருக்கு. வலது காதைத் தூக்கிப் பார்த்தா பின்னாடி முடி கம்பளி மாதிரி இறுகிக் கிடக்கு, இன்னும் ஈரம் வேற. அதாவது நல்லா சீப்பு போடாம குளிப்பாட்டி, சரியா காயவைக்காம விட்டு, அங்க வச்சே உண்டான சிக்கு அது.

வேலை தெரிஞ்ச க்ரூமர் யாரும் சிக்கோட நாயைத் தண்ணியில இறக்க மாட்டாங்க. தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகும், அதனால முடி காஞ்சு இருக்கும்போதே ஸ்லிக்கர்னு சொல்ற மெல்லிசு கம்பி பிரஷ்ஷாலயும் சீப்பாலயும் பிரிச்சு எடுத்துட்டுத்தான் குளியல். அப்ப சிக்குக்கு எக்ஸ்ட்ரா கேக்கணும்னா நாயை விட வந்த இடத்துலயே, உங்க கண்ணு முன்னாடி, சீப்பு எங்க மாட்டுதுன்னு காட்டி, இவ்வளவு நேரம் ஆகும், இவ்வளவு ஆகும்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். நடுவுல தெரிஞ்சா போன் பண்ணணும். குளிப்பாட்டி முடிச்ச பிறகு சிக்கு இருந்துச்சுன்னு சொல்ற கணக்கை ஒத்துக்காதீங்க. தோலோட ஒட்டின சிக்கா இருந்தா இழுத்துப் பிரிக்கிறதை விட வழிச்சு எடுக்கிறதுதான் நாய்க்கு வலி இல்லாத வழி, அது உண்மைதான். ஆனா ரெட்டை அடுக்கு முடி உள்ள நாய்க்கு மெஷின் போட்டா சிலதுக்கு பழையபடி வராது, திட்டுத் திட்டா, நிறம் மாறிக்கூட வரும், அதனால உங்க சம்மதம் இல்லாம மெஷினை எடுக்கவே கூடாது.

ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்குன்னு கேட்டா "ரொம்ப ஆடினான் சார், ட்ரையருக்கு பயந்து குதிச்சான், ரெண்டு பேர் புடிக்க வேண்டியதா போச்சு"ன்னாங்க. குட்டின்னா ஆடத்தான் செய்யும், புது இடம், புது ஆளு, காதைப் பிளக்கிற ட்ரையர் சத்தம். அதுக்குத்தானே பப்பி பேக்கேஜ்னு தனியா ஒண்ணு வச்சிருக்கீங்க, மெதுவா, இடைவெளி விட்டு, பழக்கி விடுறதுக்கு? கடிக்கிற வளர்ந்த நாய்னா நானே கூட கொடுப்பேன். இதுல காசு போனதை விட எனக்கு வலிச்சது வேற, அதுக்கு முன்னாடி எங்க வீட்ல சின்ன ட்ரையரை ஆன் பண்ணினா வாலை ஆட்டிட்டு வந்து நிப்பான், இப்ப அந்த சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒடுங்கிக்கறான், வெளியில வரவைக்கவே பாடா இருக்கு. முதல் க்ரூமிங்ல பயந்த பெரிய நாயை நாளைக்கு 30 கிலோ ஆனப்புறம் யாரு டேபிள்ல ஏத்துறது, இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதா?

இதைப் படிச்சுட்டு க்ரூமர்னாலே திருடன்னு நினைச்சுறாதீங்க. முதுகு உடையற வேலை அது, பெரிய பிரீட் குட்டியைப் பொறுமையா செஞ்சா அரை நாள் கூட போயிரும், அந்த நேரத்துக்கு நியாயமான காசு கொடுக்கணும். ரொம்பக் கம்மி ரேட் சொல்ற இடத்தையும் சந்தேகப்படுங்க, நேரத்தை மிச்சம் பிடிக்கிறதுக்காக குட்டியைக் கூண்டுல அடைச்சு சூடான காத்து அடிக்கிற ட்ரையரை மாட்டிவிட்டு வேற நாயைப் பார்க்கப் போயிருவாங்க. நாய் முக்கியமா நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கும், மூடின கூண்டுல சூடு ஏறினா உயிருக்கே ஆபத்து. எப்படிக் காயவைப்பீங்க, பக்கத்துல ஆள் இருப்பாங்களான்னு கேக்கிறதுக்குத் தயங்காதீங்க.

இப்ப வேற ஒருத்தங்ககிட்ட போறோம். அவங்க போன்ல முடிவான ரேட்டே சொல்லல, இதுலேர்ந்து இதுக்குள்ள வரும், குட்டியைக் கொண்டு வாங்க, தொட்டுப் பார்த்துட்டு சொல்றேன்னாங்க. போனதும் எடை போட்டாங்க, சீப்பு போட்டுப் பார்த்தாங்க, நகம், காது, பாதம், குளியல்னு எழுதி மொத்தத் தொகையைக் கீழ போட்டாங்க, இதுக்கு மேல போச்சுன்னா கூப்பிடுவேன், நீங்க சரின்னு சொன்னாத்தான் செய்வேன்னும் அதுலயே எழுதினாங்க. பழைய கடை சொன்ன பப்பி ரேட்டை விட இது அதிகம்தான், ஆனா விட்டப்போ எழுதின தொகைதான் கூப்பிடப் போனப்பவும் இருந்துச்சு. ட்ரையரை அன்னைக்கு அவங்க தொடவே இல்ல, துண்டு போட்டுத் துடைச்சு, கையாலயே பிரஷ் பண்ணிக் காயவச்சாங்க.

பழைய கடையில, காதுப் போட்டோவையும் போன்ல ரேட் கேட்டப்புறம் அவங்களே அனுப்பின மெசேஜையும் காட்டின பிறகு அண்டர்கோட் சார்ஜையும் சிக்கு சார்ஜையும் திருப்பித் தந்தாங்க. பெரிய பிரீட் சார்ஜும் ஹேண்ட்லிங் சார்ஜும் தர முடியாதுன்னுட்டாங்க. அதனால ரேட்டை வாயால மட்டும் கேட்டுட்டு விட்டுறாதீங்க, மெசேஜ்ல வாங்கி வைங்க, குட்டியை உள்ள அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு காது பின்னாடியும் அக்குள்லயும் போட்டோ எடுத்துக்கோங்க.