எட்டு வயதைத் தாண்டிய ஆம்னியும் ஏஸும் எஃப்.சி.க்குப் போனால்

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி. (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று சோதித்துத் தரும் தகுதிச் சான்று); அப்புறம் வருடா வருடம். அங்கேதான் மாருதி ஆம்னிக்கும் டாடா ஏஸுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆம்னி 796 சிசி பெட்ரோல். புகைச் சோதனை பெரும்பாலும் தலைவலி தராது. துருதான் எமன். வண்டித் தரையில் விரித்த மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். ரோடு தெரிந்தால் முதலில் வெல்டிங் பட்டறைதான். 2019-இல் தயாரிப்பே நின்றுவிட்டது வேறு.

2005-இல் வந்த ஏஸ், 702 சிசி டீசல். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றிய பாவமெல்லாம் லீஃப் ஸ்பிரிங்கிலும் பிரேக்கிலும் தெரியும். கரும்புகை கக்கினால் ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் இரண்டையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பெயிண்டை மட்டும் அடித்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பழைய வண்டி வாங்குவதென்றால் நான் ஏஸ் பக்கம். நாசிலை மாற்றிவிடலாம், ஓட்டை விழுந்த தரையை எத்தனை முறை ஒட்டுவது?