பாமன்கடைச் சனிக்கிழமைப் பட்டறை: ஏழு மாத அனுபவம்

கட்டாரில் 17 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டுப் போன வருடம் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். என் காசில் வாங்கிய பிளாட்தான், ஆனால் எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் அறைக்குள் போய்விடுவார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். இரவில் நித்திரை வராது. காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் ஓய்ந்த பிறகும் விழித்துக்கொண்டு கிடப்பேன்.

மனைவியின் தம்பிதான் ஆண்கள் கூடி மரவேலை செய்யும் இந்தப் பட்டறையைப் பற்றிச் சொன்னான். "அத்தான், அப்பாவுடைய உடைந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வாங்க, மற்றதை அங்கே பார்க்கலாம்."

பழைய அச்சகம் ஒன்றின் பின்கட்டில், சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை நடக்கிறது. மூன்று வேலை மேசை, சுவரில் வாள், உளி, சீவுளி, அரம். மாதம் 1,000 ரூபாய். மரத்துக்குத் தனியாகக் காசு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருவோம். சொல்லித் தருபவர் மொரட்டுவையைச் சேர்ந்த வயதான தச்சு பாஸ் ஒருவர். தமிழ் கொஞ்சம்தான் பேசுவார், கையால்தான் நிறையச் சொல்லுவார்.

நான் கொண்டுபோனது மாமனாரின் பலாமரச் சாய்மனைக் கதிரை. கைப்பிடி கழன்றிருந்தது. நாலு ஆணி அடித்தால் சரி என்று நினைத்தேன். பாஸ் சுத்தியலை வாங்கி வைத்துவிட்டார். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பள்ளத்துக்குள் செருகுகிற, தேய்ந்துபோன நாக்குக்குப் பதிலாகப் புதுத் துண்டு செதுக்கி, அது பள்ளத்துக்குள் இறுக்கமாகப் போய் உட்காரும்வரை சீவ வைத்தார். ஐந்து சனிக்கிழமை எடுத்தது. ஆறாவது சனிக்கிழமை மாமனார் அதில் சாய்ந்து பேப்பர் வாசித்தார். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஐந்து வாரத்தில்தான் நான் வாய் திறந்தேன். பக்கத்து மேசையில் அலுமாரிக் கதவுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த ரிட்டயர்டான தபால்காரர், என்னைப் பார்க்காமலே, "திரும்பி வந்த முதல் வருடம் கஷ்டம்தான், தம்பி" என்றார். அவரும் சவூதியில் இருந்தவராம். கண் பலகையில் இருக்கும்போது, வீட்டில் சொல்ல முடியாததெல்லாம் எப்படியோ வெளியே வந்துவிடுகிறது. ஆண்கள் கூடி வேலை செய்யும் இப்படிப்பட்ட கொட்டகைகள் (Men's Sheds) 1990களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி அயர்லாந்து, பிரிட்டன் என்று பரவியவை. 2007இல் ஆஸ்திரேலியாவில் இவற்றுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. ஆண்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது அவர்களின் வாசகம். எனக்கு அது அப்படியே நடந்தது.

உடம்பு விஷயமும் இருக்கிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை, முன்பு ஆண் தாதியாக இருந்த ஒருவர் பிரஷர் பார்க்கும் கருவியோடு வருவார். எனக்கு 164க்கு 102 காட்டியது. தலையிடி ஒன்றும் இல்லாததால் நான் பெரிதாக எடுக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து என்னைத் திங்கட்கிழமையே களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது மருந்தில் இருக்கிறேன். மனைவி ஒரு வருடமாகச் சொல்லியும் நான் போகவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்த நாட்டில் தற்கொலையால் சாகிறவர்களில் ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கதவுக்கு மேலே பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிற எல்லோரின் கண்ணிலும் படுகிறது. நல்ல வேலை.

குறைகளும் உண்டு. மரத்தூள் வெளியே போக ஒரேயொரு மின்விசிறிதான். இழுப்பு உள்ளவர்கள் மாஸ்க் இல்லாமல் வரக்கூடாது. கழிப்பறைக்கு ஏழு உயரமான படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ள ஐயாமார் தவித்துப்போகிறார்கள். மின்சார வாளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டுதான் இருக்கிறது. அறிவித்தல்கள் பல மாதமாகச் சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தன. கேட்ட பிறகு தமிழிலும் எழுதினார்கள், ஆனால் கேட்காமலே செய்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கிடைக்கும் கடை ஊழியர்களுக்கு இந்த நேரம் சரிவராது. அவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன்.

காய்ச்சலில் இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. இரண்டாவது சனி மத்தியானம் பாஸ் போன் எடுத்தார். "மல்லி (தம்பி), ஏன் வரல்ல? உடம்பு சரியா?" அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அதிலேயே முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருந்த அத்தனை வருடத்தில் நான் வராததைக் கவனித்துக் கேட்டவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும்தான் இருந்தார்கள்.

போக நினைப்பவர்கள் எட்டரைக்கே போய்விடுங்கள், ஜன்னலோர மேசை கிடைக்கும். பத்தரைக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ வரும். மழை நாளில் கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், அதனால் சுற்றி வருவது நல்லது. வீட்டில் உடைந்த கதிரை ஒன்று இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.